கண்டி நாட்டின் காட்டுத் திரை

கண்ணெதிரே உள்ள பொருளும் காணப்படாது போதல் உண்டு. அதன் ஒளி விழியை அடைந்தும், அதனை அடுத்தோ சூழ்ந்தோ தோன்றும் பிறிதொரு காட்சி, மனம் அதனைப் பற்றாதவாறு தடுத்துவிடுகின்றது. உளவியலார் இதனைக் காட்சி மறைப்பு என்பர். கணப்பொழுது காட்டப்பட்ட எழுத்தொன்றைப் பத்திலொரு செக்கனுக்குள் தொடரும் கோட்டுருவம் மறைத்துவிடுதலை ஆய்வுகூடத்திற் காணலாம். இதனோடு ஒத்ததோர் உண்மையைக் கண்டியரசர் தம் நாட்டுக் காவலிற் கையாண்டனர்.

1660 இற் சிறைப்பட்டு, 1679 இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட நூலில் அந்நாட்டின் அரண்களை விரித்துரைத்துள்ளார். ஒருவர்பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒடுங்கிய வழிகள், அவற்றை அடைக்கும் முட்கதவங்கள், பாலமில்லாத ஆறுகள். தன் நாட்டிற் பயணம் எளிதாதலை அரசன் விரும்பவில்லை என்பது அவர் கூற்று. மரநிழலும் கொடிப்பின்னலும் ஆளுருவின் எல்லைக்கோட்டைச் சிதைக்க, காட்டினுள் நிற்பவன் தோன்றான். வழியே நிரையாக வருபவனோ நன்கு தோன்றுவான். காண்பதில் அமைந்த இவ்வேற்றுமையே சிறுபடையின் பெருவலியாயிற்று. 1638 மார்ச் 28 ஆம் நாள், கண்டி நகரை எரித்து மீண்ட போர்த்துக்கேயர் படை, பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கன் படையாற் சூழப்பட்டு, ஏறக்குறைய முற்றாக அழிந்தது.

1815 இல் அரசு வீழ்ந்தமைக்கு அத்திரை கிழிந்தமை காரணமன்று; அரசனுக்கும் பிரதானிகளுக்கும் மூண்ட பகையே காரணமாம். ஆயினும், 1817-18 இல் எழுந்த பெருங்கிளர்ச்சி, காட்டின் வலியை ஆங்கிலேயருக்கு மீண்டும் உணர்த்திற்று. அதன்பின் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி சமைப்பித்தார். 1832 இல் அதன்வழியே தபால் வண்டி ஓடியது. பின்னர்க் கோப்பித் தோட்டங்களின் பொருட்டுக் காடுகளும் அழிந்தன. மறைந்து நின்ற நாடு வெளிப்பட்டது.

எனினும், ஒரு திரை நீங்க மற்றொன்று விழுந்தது. கடுகண்ணாவையில் உயர்ந்து நிற்கும் கோபுரம், அவ்வீதியைத் திட்டமிட்ட கப்டன் டோசனின் பெயரைச் சொல்கின்றது. இராசகாரிய முறையாற் கட்டாயப்படுத்தப்பட்டுக் கல்லும் மண்ணும் சுமந்த குடிமக்களின் பெயரை அது சொல்லவில்லை. பேருருவின் அருகே மங்கி நிற்கும் சிற்றுருவையும் தேடிக் காண்பதே வரலாற்று மாணவரின் கடனாகும்.