பப்பாசிக் காயும் ஆறாத புண்ணும்

நம்மில் அநேகரின் வளவில் ஒரு பப்பாசி மரம் நிற்கும். மாட்டிறைச்சி சீக்கிரம் வேக வேண்டுமென்றால் உம்மும்மா பப்பாசிக் காயில் ஒரு துண்டை வெட்டிச் சட்டியில் போடுவார். இறைச்சியை மெதுவாக்கும் அந்தப் பாலுக்குள் ஒரு மருத்துவ வரலாறே இருக்கிறது என்பதை நாம் யோசித்திருக்க மாட்டோம்.

பப்பாசி நமது மண்ணின் மரம் அல்ல. அதன் தாயகம் மத்திய அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் கப்பல்கள் வழியாகவே அது ஆசியாவுக்கு வந்தது. அது போய்ச் சேர்ந்த பல நாடுகளில் மக்கள் அதைச் சீழ் பிடித்த புண்ணுக்கு வைத்துக் கட்டினார்கள். ஜமைக்காவில் ஆறாத புண்களுக்கு வைத்தியசாலைத் தாதியரே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

காரணம் எளிது. காயின் பாலில் பப்பெயின் என்ற நொதியம் உண்டு. அது புரதத்தைக் கரைக்கும். புண்ணில் செத்த சதை கிடந்தால் அதில்தான் கிருமி பெருகும். அந்தச் சதை கரைந்து கழன்றால் புண் ஆற வழி பிறக்கும். காய் பழுக்கப் பழுக்க இந்த நொதியம் குறைந்துவிடும்.

1977இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையில், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவரின் காயத்தில் கிருமி தொற்றியது. மருந்துகள் கைகொடுக்காதபோது வைத்தியர் பப்பாசித் துண்டுகளை வைத்துக் கட்டினார், காயம் ஆறியது. காம்பியாவின் பஞ்சுல் நகர வைத்தியசாலையில் தீக்காயம் பட்ட பிள்ளைகளுக்குப் பப்பாசியை மசித்துத் தினமும் பூசிய அனுபவம் 1999இல் மருத்துவ இதழொன்றில் வெளியானது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. பப்பெயின் கலந்த பூச்சு மருந்துகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு, இரத்த அழுத்தம் இறங்கியது. அனுமதி பெறாத அத்தகைய மருந்துகளை 2008இல் அமெரிக்க அரசு சந்தையிலிருந்து நிறுத்தியது.

எனவே நாம் இரண்டு பக்கமும் சாயக் கூடாது. உம்மும்மாவின் கைமருந்தை 'மூடநம்பிக்கை' என்று சிரித்து ஒதுக்கவும் வேண்டாம். சீனி வருத்தக்காரரின் கால் புண்ணில் அடுப்படிக் கத்தியால் வெட்டிய காயை வைத்துக் கட்டவும் வேண்டாம். பஞ்சுலில் அதைச் செய்தவர்கள் வைத்தியரும் தாதியருமே. வீட்டில் நாம் கடத்தும் நாலு நாளில் ஒரு காலே போய்விடலாம்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்வோம்.