தாய்மையும் தொழிலுரிமையும்

உழைத்து உண்ணும் பெண்ணொருத்தி கருவுற்ற காலத்து அவளுடைய தொழில் என்னாவது என்னும் வினா, ஆலைகளும் அலுவலகங்களும் தோன்றிய நாள்தொட்டு உலக நாடுகள் பலவற்றின் முன் நின்று வருவதாகும். இவ்வினாவுக்குச் சட்டம் இருவகையில் தவறான விடை பகரலாம். "உன் நன்மைக்காகவே உன்னை வீட்டுக்கு அனுப்புகின்றோம்" எனக் காவலின் பெயரால் அவளை வெளியேற்றுதல் ஒன்று. "ஆணுக்கும் பெண்ணுக்கும் விதி ஒன்றே, உனக்கென ஒன்றுஞ் செய்யோம்" எனச் சமத்துவத்தின் பெயரால் அவளைக் கைவிடுதல் மற்றொன்று. இவ்விரு தவறுகளிலும் மாறிமாறி வீழ்ந்து, பின் படிப்படியாக எழுந்த வரலாறே ஐக்கிய அமெரிக்காவில் கருவுற்ற தொழிலாளர் பெற்ற சட்டப் பாதுகாப்பின் வரலாறு.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு சலவைச்சாலை நிற்கின்றது. ஆலைகளிலும் சலவைச்சாலைகளிலும் பணிபுரியும் பெண்களை நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என ஒறிகன் மாநிலம் 1903இல் சட்டமியற்றியது. அதனை மீறித் தண்டனை பெற்ற போட்லாந்து நகரச் சலவைச்சாலை உரிமையாளர் ஒருவர் மேன்முறையீடு செய்தார். சட்டம் செல்லுமென 1908இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நலமுள்ள தாயரிடமிருந்தே நலமுள்ள சந்ததி தோன்றும். ஆதலின் பெண்ணின் உடல்நலம் பொதுமக்கள் அக்கறைக்குரியது என்பது நீதிமன்றம் காட்டிய நியாயம். களைத்த கைகளுக்கு அத்தீர்ப்பு ஓய்வளித்தது என்பது மெய். ஆயின் அதே நியாயம் பெண்ணை வேலையினின்று விலக்குதற்கும் பிற்காலத்தில் கருவியாயிற்று.

1919ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் மாநாடு முதன்முதலாகக் கூடியதும் அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனிலேயே. அங்கு நிறைவேறிய மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம், கைத்தொழிலிலும் வணிகத்திலும் ஈடுபட்ட தாய்க்குப் பிரசவத்தின் பின் ஆறு வார ஓய்வும், அதற்கு முன் ஆறு வாரம் வரை விடுமுறை பெறும் உரிமையும், அக்காலத்துக்கு உதவிப்பணமும் வழங்க வேண்டுமென்றது. விடுமுறையிலுள்ளவளை வேலைநீக்கம் செய்யலாகாதென்றும் விதித்தது. பல நாடுகள் இவ்வழியிற் சென்றன. இலங்கையிலும் 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. மாநாட்டுக்கு இடங்கொடுத்த அமெரிக்காவோ அச்சமவாயத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்நாட்டுப் பெண்கள் தம் உரிமையை நீதிமன்றப் படிகளில் ஏறியே தேட வேண்டியதாயிற்று.

அவர்களுள் முதற்கண் நினைக்கத்தக்கோர் ஆசிரியைகள். ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரக் கல்விச் சபை 1952இல் ஒரு விதி வகுத்தது. கருவுற்ற ஆசிரியை, குழந்தை பிறக்குமென எதிர்பார்க்கப்படும் நாளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே சம்பளமின்றி விலகிவிடல் வேண்டும். பிறந்த குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்தபின் வரும் தவணைத் தொடக்கம் வரை அவள் திரும்பலாகாது. திரும்பி வந்தாலும் வேலை உறுதியில்லை. முன்னுரிமை மட்டுமே உண்டு. 1971இல் ஜோ கரொல் லபிளர், ஆன் எலிசபெத் நெல்சன் என்னும் ஆசிரியைகள் இருவர் கல்வியாண்டு முடியும்வரை கற்பிக்க விரும்பினர். விதியோ அவர்களை மார்ச் மாதத்திலேயே வெளியேற்றியது.

மாணவரின் கல்வி தொடர்ச்சியாக நடைபெறவே இவ்விதி என்றது கல்விச் சபை. ஆண்டின் இடையில், நலத்துடன் கற்பித்து நிற்கும் ஆசிரியையை அகற்றிப் புதியவரை அமர்த்துவது எவ்வாறு தொடர்ச்சியைக் காக்கும்? விதி பிறந்த காரணங்களுள் ஒன்று விசாரணையில் வெளிப்பட்டது. ஆசிரியையின் வயிறு புலப்படத் தொடங்கியதும் பிள்ளைகள் கேலியாகச் சிரிப்பார்கள். அச்சங்கடத்தினின்று அவளைக் காத்தலும் விதியின் நோக்கமாயிருந்ததென, அதனை வகுத்த காலத்துக் கல்வி அதிகாரியே சாட்சியம் அளித்தார். சிறுவரின் சிரிப்புக்கு அஞ்சி ஆசிரியையின் சம்பளத்தை நிறுத்திய விந்தை அது. 1974 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இத்தகைய விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்த்தது. கருவுற்ற பெண்கள் எல்லோரும் ஒரே மாதத்தில் வலுவிழப்பர் எனக் கொள்ளலாகாது; ஒவ்வொருத்தியின் உடல்நிலையும் தனித்தனியே நோக்கற்பாலது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

காவலின் பெயரால் நிகழ்ந்த தவறு இவ்வாறு ஒருவாறு திருத்தப்பட்டது. ஆயின் மூவாண்டுகளுள் மற்றத் தவறு தலைகாட்டியது. ஜெனரல் இலெக்ரிக் என்னும் பெருநிறுவனம், நோயாலோ விபத்தாலோ வேலைக்கு வரமுடியாத தொழிலாளருக்குச் சம்பளத்தில் 60 சதவீதத்தை 26 வாரங்கள் வரை வழங்கும் திட்டமொன்றை நடத்தி வந்தது. விளையாட்டில் நேர்ந்த காயத்துக்கும், சண்டையில் நேர்ந்த காயத்துக்கும் அப்பணம் கிடைத்தது. மகப்பேற்றினால் வேலைக்கு வரமுடியாதவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டம், தொழிலிற் பால் வேறுபாடு காட்டுதலைத் தடைசெய்திருந்தமையால், பெண்கள் அதன் துணைகொண்டு வழக்கிட்டனர்.

1976 டிசம்பரில் உயர் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இத்திட்டம் ஆண், பெண் எனப் பிரிக்கவில்லை. கருவுற்றோர், கருவுறாதோர் எனவே பிரிக்கின்றது. ஆகவே இது பால் வேறுபாடு அன்று என்பது பெரும்பான்மை நீதியரசரின் கருத்து. கருவுறாதோர் வரிசையில் ஆணும் உளர், பெண்ணும் உளர். கருவுற்றோர் வரிசையிற் பெண்ணன்றி வேறு யாருளர்? மூன்று நீதியரசர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினர். தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் காங்கிரசை நாடின. 1978 ஒக்டோபர் 31ஆம் நாள் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட கர்ப்ப வேறுபாட்டுத் தடைச் சட்டம் அத்தீர்ப்பின் அடிப்படையை மாற்றியது. பால் என்னும் சொல் கருவுறுதலையும், மகப்பேற்றையும், அவற்றோடு தொடர்புடைய உடல்நிலைகளையும் அடக்கும். வேலை செய்யும் ஆற்றலில் ஒத்த ஏனையோரை நடத்துமாறே கருவுற்றவளையும் நடத்துதல் வேண்டும் என அது விதித்தது.

இச்சட்டம் மற்றொரு வினாவையும் எழுப்பியது. கருவுற்றவளுக்குத் தனிச்சலுகை அளிப்பது சமத்துவத்துக்குப் பகையா? லொஸ் ஏஞ்சலிஸ் நகரச் சேமிப்பு நிறுவனமொன்றில் வரவேற்பாளராயிருந்த லிலியன் கார்லண்ட், 1982இல் பிரசவ விடுமுறை முடித்துத் திரும்பியபொழுது அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார். நான்கு மாதம் வரை விடுமுறையும், மீள வேலையும் அளிக்குமாறு கலிபோர்னியா மாநிலச் சட்டம் கூறிற்று. ஆண்களுக்கில்லாத சலுகை செல்லாது என நிறுவனம் வாதிட்டது. பெண்ணுரிமை இயக்கத்தினரே இதிற் பிளவுபட்டனர். காவல் என்று தொடங்குவது கதவடைப்பில் முடியும் என அஞ்சினோர் ஒருபுறம். குழந்தை பெற்றதற்காகத் தொழிலிழக்கும் நிலையில் வெறுஞ் சமத்துவம் என்ன பயன் தரும் என வினவினோர் மறுபுறம். ஆணைப் போலவே பெண்ணும் குடும்பத்தையும் தொழிலையும் ஒருங்கே பெற மாநிலச் சட்டம் வழிசெய்கின்றது எனக் கண்டு, 1987இல் உயர் நீதிமன்றம் அதனை நிலைநிறுத்தியது.

காவலின் பெயரால் கதவடைபடும் என்ற அச்சம் வீணன்று என்பதை ஒரு பற்றறித் தொழிற்சாலை காட்டியது. ஜோன்சன் கன்றோல்ஸ் நிறுவனம், ஈயம் கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யும் எனக் கூறி, கருவுறும் ஆற்றலில்லை என மருத்துவச் சான்று காட்டாத பெண்கள் அனைவரையும் ஈயம் படும் வேலைகளினின்று 1982இல் விலக்கியது. வேலையை இழக்க அஞ்சி ஒரு பெண் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் உடன்பட்டார். தந்தையாக விரும்பி, தன் உடலிலுள்ள ஈயத்தின் அளவைக் குறைக்க விடுமுறை கேட்ட ஆண் தொழிலாளி ஒருவருக்கோ அது மறுக்கப்பட்டது. சிசுவின் நலமே நோக்கமாயின் தந்தையை மறந்தது ஏன்? பிறக்கவிருக்கும் குழந்தையின் நலம் பற்றிய முடிவு பெற்றோருக்குரியதேயன்றி முதலாளிக்குரியதன்று என 1991இல் நீதிமன்றம் தீர்த்தது.

எனினும் அன்றாட வேலையில் இடர் நீங்கவில்லை. பொதிகள் கொண்டுசெல்லும் யூபிஎஸ் நிறுவனத்தில் வாகனமோட்டிய பெகி யங் என்பவர் 2006இல் கருவுற்றிருந்தார். இருபது இறாத்தலுக்கு மேல் தூக்கலாகாது என மருத்துவர் கூற, எழுபது இறாத்தல் தூக்க இயலாதவருக்கு இங்கு வேலையில்லை என நிறுவனம் அவரைச் சம்பளமின்றி அனுப்பியது. வேலைத்தலத்திற் காயமுற்றோருக்கும் வேறு சிலருக்கும் இலகுவான வேலை கொடுத்த நிறுவனமே அது. 2015இல் உயர் நீதிமன்றம் அவர் வழக்கை மீள விசாரிக்கப் பணித்தது. ஆயின் தன்னை ஒத்த நிலையில் வேறொருவர் சலுகை பெற்றார் எனக் கருவுற்றவளே நாட்டவேண்டிய சுமை எஞ்சியது. அச்சுமையைக் களைந்தது, 2022 டிசம்பரில் கையொப்பமாகி 2023 ஜூன் 27இல் நடைமுறைக்கு வந்த கருவுற்ற தொழிலாளர் நியாயச் சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்கள், பெருஞ்சிரமம் நேராதவிடத்து, கருவுற்றவளுக்கு வேண்டிய வசதியைச் செய்துகொடுத்தல் வேண்டும். இருக்கை, தண்ணீர், சிறு ஓய்வு, பாரங்குறைந்த வேலை என்பன அத்தகையன. வேறு வசதி செய்ய இயலுமாயின், விடுமுறையிற் செல்லுமாறு அவளை வற்புறுத்தலுமாகாது.

கிளீவ்லாந்து ஆசிரியைகள் வகுப்பறையைவிட்டு வெளியேற்றப்பட்ட நாளுக்கும் இச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கும் இடையே ஐம்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அவ்வாசிரியைகள் வேண்டியது தாமே கற்பிக்க இயலும்வரை கற்பிப்பது. பெகி யங் வேண்டியது தூக்க இயன்ற அளவே தூக்குவது. முன்னதற்குத் தடை நீக்குதல் போதும்; பின்னதற்குக் கைகொடுத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தரும் சட்டமே தாய்க்குத் துணையாவது; ஒன்றைத் தந்து மற்றதை மறுக்கும் சட்டம், கூலியையோ குழந்தையையோ தெரிந்துகொள் என்று அவளிடம் கூறுவதாகவே முடியும்.