சதங்கை கட்டிய கோல்

வேம்பக்கோட்டையைத் தாண்டி ஆலங்குளத்தை நோக்கிச் செல்லும் சாலையில், பட்டாசுத் தொழிற்சாலைகளின் தனித்தனிச் சிற்றறைகளும், உடைமரங்களும், மழைக்காலத்தில் மட்டும் பசுமை காட்டும் கரிசல் புஞ்சைகளும் மாறிமாறி வர, பேருந்தில் அமர்ந்து செல்லும் பிரயாணிக்கு, ஒரு காலத்தில் வெளியுலகத்துச் சேதிகள் மனிதனுடைய இரண்டு கால்களை நம்பியே இப்படிப்பட்ட ஊர்களுக்கு வந்து சேர்ந்தன என்பது நினைவுக்கு வருவதில்லை. இரயில் வருவதற்கு முன்னும், வந்த பின்பு அது தொடாமல் விட்ட ஊர்களுக்கு வெகுகாலம் வரையிலும், தபால் பையைத் தோளில் சுமந்து ஓடிய மனிதர்கள் இந்தத் தேசமெங்கும் இருந்தார்கள். நெடுந்தூர ஓட்டத்தை இன்று நாம் ஒரு விளையாட்டாக அறிகிறோம். அதற்குரிய அப்பியாசம், ஆகாரம், நித்திரை ஆகிய மூன்றையும் ஒரு சாஸ்திரமாகவே வளர்த்து வைத்திருக்கிறோம். ஓட்டமே பிழைப்பாக இருந்த காலத்தில் அந்தத் தேகங்கள் எவ்வாறு பழகின, எதை உண்டன, எப்போது உறங்கின என்று கேட்டுப் பார்க்கும்போது, பதக்கங்களின் சரித்திரத்தைக் காட்டிலும் நமக்கு நெருங்கிய ஒரு சரித்திரம் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தத் தொழில் வெள்ளையர் கொண்டுவந்தது அன்று. 14ஆம் நூற்றாண்டில் இந்நாட்டில் சஞ்சரித்து, மதுரைச் சுல்தானின் அவை வரையிலும் வந்து சென்ற இபின் பதூதா, தில்லிச் சுல்தானுடைய தபால் முறையை வியந்து எழுதியிருக்கிறார். ஒரு மைலுக்கு மூன்று நிலைகள் வீதம் ஆட்கள் காத்திருப்பார்கள் என்றும், ஒரு கையில் கடிதமும் மற்றொரு கையில் செம்பு மணிகள் கட்டிய இரண்டு முழக் கோலும் ஏந்தி ஒருவன் தன் பலமெல்லாம் கொண்டு ஓடி வருவான் என்றும், மணியோசை காதில் விழுந்த மாத்திரத்தில் அடுத்த நிலையிலிருப்பவன் எழுந்து ஆயத்தமாகிவிடுவான் என்றும், இந்தக் கால் தபால் குதிரைத் தபாலினும் விரைவானது என்றும் அவர் கூறுகிறார். குராசானத்துக் கனிகளும், தௌலதாபாத்தில் தங்கியிருந்த சுல்தானுக்குக் கங்கை நீரும் இவ்விதமே கொண்டு செல்லப்பட்டன. குதிரையை மனிதன் வென்றது கால் வேகத்தினால் அல்ல. ஒருவனுடைய மூச்சு தளர்வதற்கு முன்பே அடுத்தவன் புது மூச்சோடு புறப்பட்டுவிடும் ஏற்பாட்டினால். மனித தேகத்தின் எல்லையை யாரோ நெடுங்காலத்துக்கு முன்பே நுட்பமாக அளந்து பார்த்து, அந்த அளவின்படி நிலைகளை நட்டிருக்கிறார்கள்.

கிழக்கிந்தியக் கும்பினியார் அதே முறையைத் தங்கள் தேவைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். 1774இல் கல்கத்தாவிலும், 1786இல் சென்னையிலும், 1794இல் பம்பாயிலும் பெரிய தபால் நிலையங்கள் ஏற்பட்டன. 1854ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், தூரம் எதுவாயினும் இலேசான கடிதத்துக்கு அரை அணாவே கட்டணமாயிற்று. கட்டணம் குறைந்ததும் கடிதங்கள் பெருகின. கடிதங்கள் பெருகியதும் பையின் பாரம் ஏறியது. வடக்கே ‘டாக்’ என்று வழங்கியதை நம் பக்கத்தில் ‘தபால்’ என்றோம்; சென்னை இராஜதானியின் ஆங்கிலேயர்களும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். மலைக்கு அப்பால் திருவாங்கூர்ச் சமஸ்தானத்தில் ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனித் தபால் நடந்து, 1951இல் இந்தியத் தபாலோடு இணைந்தது. அங்கும் ஓட்டக்காரன் கையில் மணி கட்டிய கோல் இருந்தது. இருட்டில் துஷ்ட மிருகங்களை விரட்டவும், எதிரே வருவோரை விலக்கவும், அடுத்த நிலைக்காரனை எழுப்பவும் பயன்பட்ட அந்தக் கோலையும், அதை ஏந்தி ஓடும் மனிதனையும் 1937இல் வெளிவந்த இரண்டணாத் தபால் தலையில் காணலாம். அதே வரிசையில் மாட்டு வண்டி, ஒட்டகம், இரயில், கப்பல், ஆகாய விமானம் எல்லாம் உண்டு. அவற்றுள் வேறு எதன் துணையுமின்றி, தன்னை இயக்கும் எரிபொருளைத் தன் வயிற்றிலேயே சுமந்து சென்ற மனிதன் கால்நடையாகச் சென்ற இவன் ஒருவனே.

அந்த எரிபொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன்.

கரிசல் காட்டின் ஆகாரம் நெல்லரிசி அன்று. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளையும் மானாவாரிப் பூமி இது. அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் உரியதாக இருந்தது. முதல் நாள் காய்ச்சிய கம்பங்கூழைக் கரைத்து, உப்பிட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வெயிலில் இறங்கிய மனிதன், இராப்பொழுதில் புளித்து நெகிழ்ந்த தானியத்தையும், தன் வியர்வையோடு வெளியேறப் போகும் உப்பையும், நீரையும் ஒரே கும்பாவில் பெற்றுக்கொண்டான். தீட்டிய அரிசியின் 100 கிராமில் ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதமே இருக்க, கம்பில் சுமார் பதினொன்றரை கிராம் இருக்கிறது. இரும்புச் சத்தும் கம்பில் பல மடங்கு மிகுதி. புளிக்க வைப்பதால் தானியத்திலுள்ள அந்தச் சத்தைத் தேகம் எளிதாக ஏற்றுக்கொள்கிறது என்பதும் இன்று தெரிந்த விஷயம். சாத்தூருக்குத் தெற்கே பரந்து கிடந்த பனங்காடுகள் கருப்பட்டியைக் கொடுத்தன. வழிநடையில் இளைப்பாற உட்காருகிறவன் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருப்பது, நம் தாத்தாக்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கமன்று.

இந்தப் பழக்கத்துக்குச் சாஸ்திரப் பிரமாணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1924இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவில் சில ஓட்டக்காரர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, களைத்துச் சோர்ந்து வந்தவர்களின் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருக்கக் கண்டார்கள். மறு வருஷம் அதே ஓட்டத்தில், முந்திய நாள் மாவுப் பண்டங்களை மிகுதியாக உண்ணச் செய்து, ஓடும் வழியில் மிட்டாய்களையும் கொடுத்துப் பார்க்க, அந்தச் சோர்வு பெரும்பாலும் ஏற்படாமற் போயிற்று. 1960களில் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் ஊசியால் தசையின் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்து, தசைக்குள் சேமித்து வைக்கப்படும் மாவுச் சர்க்கரையின் அளவே நீண்ட உழைப்பின் எல்லையை நிர்ணயிக்கிறது என்று நிலைநாட்டினார்கள். மாரத்தான் ஓடுகிறவர்கள் இருபது மைலை நெருங்கும்போது திடீரெனக் கால் கட்டுண்டதுபோல் தவிப்பது அந்தக் களஞ்சியம் வற்றுவதால்தான். தபால் ஓட்டக்காரனுக்கு ஒரு நடைக்கு ஏறக்குறைய ஐந்து முதல் எட்டு மைல் வரையே விதித்திருந்தார்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவனுடைய களஞ்சியம் ஒரு நடையில் வற்றுவதில்லை. நாள் தவறாமல், ஓய்வு நாளின்றி, அதைத் திரும்ப நிரப்புவதிலேதான் அவன் வாழ்க்கையின் கஷ்டம் அடங்கியிருந்தது.

ஆகாரத்தையும் தேக வலிமையையும் சேர்த்து ஆராய்ந்த மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று நம் மாகாணத்திலேயே, குன்னூரில் நடந்தது. அங்கே இராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் பல பிரதேசத்து மக்கள் உண்ணும் ஆகாரங்களை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் கலந்த பஞ்சாபிய ஆகாரத்தை உண்டவை செழித்தன; தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை ஆகாரத்தை உண்டவை வரிசையின் கடைசிப் பக்கத்தில் நின்றன. இதைப் படித்துத் தமிழர்கள் நாணிய காலம் ஒன்று உண்டு. ஆனால் அந்த எலிகளுக்கு வைக்கப்பட்டது கரிசல்காட்டுச் சம்சாரியின் கும்பா அன்று என்பதை நாம் கவனிக்கத் தவறினோம். நாணியதற்குப் பரிகாரமாகக் கம்பைத் தேடாமல், கௌரவம் கருதி வெள்ளை அரிசியையே மேலும் மேலும் நாடினோம் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

அப்பியாசத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தபால்காரனுக்கு ஆசான் கிடையாது. ஒரே பாதையை ஒரே மிதமான கதியில் அன்றாடம் கடப்பதே அவனுக்குப் பயிற்சி. தற்காலத்து ஆசான்கள் தங்கள் மாணாக்கர்களை வாரத்தின் பெரும்பகுதியில் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய கதியில்தான் ஓடவிடுகிறார்கள். சில நாட்களில் மட்டுமே கடுமையாக விரட்டுகிறார்கள். மூச்சிரைக்காத அந்த ஓட்டத்தின் பலனை நம் நாட்டில் முதலில் வெளியுலகம் கண்டது மகாராஷ்டிரப் பக்கத்தில். புனாவில் செருப்பின்றி ஓடிய குடியானவர்களைக் கண்டு தொராப்ஜி டாடா எடுத்த முயற்சியினால் 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்தியக் குழு ஒன்று சென்றது. பெல்காமைச் சேர்ந்த படெப்பா சௌகுலே மாரத்தானில் 19ஆவதாக வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வெகுகாலம் கழித்து, 2017இல், புதுக்கோட்டைச் சீமையின் லட்சுமணன் புவனேசுவரத்தில் ஆசியத் தடகளப் போட்டியின் 5,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். அதுவும் வானம் பார்த்த பூமிதான்.

நித்திரையை இறுதியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தபால் இரவென்றும் பகலென்றும் பார்ப்பதில்லை. கும்பினிக் காலத்தில் காட்டுப் பாதைகளில் பந்தம் பிடிப்பவனும் பறை கொட்டுபவனும் உடன் செல்ல, நள்ளிரவிலும் பை நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த நிலையில் இருப்பவன் உறங்கினாலும் செவி உறங்கக் கூடாது. சதங்கை ஒலி கேட்டவுடன் எழ வேண்டும். பையின் எடை, நடையின் தூரம், தாமதத்துக்கு அபராதம் என்று எல்லாவற்றுக்கும் விதி செய்தவர்கள் உறக்கத்துக்கு ஒரு விதியும் செய்ததாக நான் படித்ததில்லை. முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில்தான் தசையைச் செப்பனிடும் சுரப்பு மிகுதியாக ஊறுகிறது. உறக்கம் குறைந்தவனுக்கு அதே மைல் அதிகக் கடினமாகத் தோன்றுகிறது. நோயும் எளிதில் தொற்றுகிறது: 153 பேருக்குச் சளிக் கிருமியை மூக்கில் விட்டுச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஏழு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியவர்களுக்குச் சளி பிடித்தது எட்டு மணியும் அதற்கு மேலும் உறங்கியவர்களைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு. வாந்திபேதியும் முறைக்காய்ச்சலும் மலிந்த அந்தக் காலத்தில், பாதி உறக்கத்தில் எழுந்து ஓடியவனுடைய தேகம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப் பாதை விருதுபட்டி (பின்னாளைய விருதுநகர்), சாத்தூர் வழியாகவும், 1927இல் விருதுநகர்–தென்காசிப் பாதை சிவகாசி வழியாகவும் திறக்கப்பட்டதும், ஓட்டக்காரனின் எல்லை சுருங்கிப் பின்பு மோட்டார் வண்டியால் மறைந்தது. அவன் மறைந்தாலும், அரைகுறை உறக்கம் இந்தச் சீமையை விட்டுப் போகவில்லை. கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் சிவகாசியில் வைத்த வித்து பஞ்சத்திலிருந்து பல குடும்பங்களைக் காத்தது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆயினும் 1970களிலும் 80களிலும் ஆலைகளின் வண்டிகள் விடிவதற்கு முன் நாலு மணிக்கெல்லாம் கிராமங்களுக்கு வந்து நிற்க, உறக்கம் கலையாத பிள்ளைகளை அவற்றில் ஏற்றி அனுப்பினார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1986ஆம் வருஷத்துச் சட்டமும், சிவகாசிப் பிள்ளைகள் சம்பந்தமான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வந்து, அந்த நிலைமை மாறுவதற்குள் ஒரு தலைமுறையின் வளரும் பருவத்து நித்திரை போய்விட்டது. ஆலங்குளத்திலோ, 1970இல் சுண்ணாம்புக் கல்லை நம்பி அரசாங்கத்தின் சிமெண்டு ஆலை தோன்றியது. சிமெண்டுச் சூளையை இரவில் அணைத்துக் காலையில் மூட்ட இயலாது. ஆகவே ஷிப்டு என்ற சொல்லும், பகலில் சன்னலை அடைத்துவிட்டு உறங்கும் வழக்கமும் இந்த ஊருக்கு வந்தன.

ஆடி மாதத்தில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு நடக்கிறவர்களைக் கவனித்தால், பழைய அறிவின் மிச்சம் தெரிகிறது. வெயில் ஏறுமுன் நடந்து, உச்சிப் பொழுதில் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து, வழியில் ஊற்றும் பானகத்தையும் நீர்மோரையும் அளவாகக் குடித்துக் கொண்டு செல்கிறார்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தாலும் இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய் ஆபத்து உண்டாகும். 2002ஆம் ஆண்டுப் பாஸ்டன் ஓட்டத்தில் சோதிக்கப்பட்ட 488 பேரில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு அந்நிலை இருந்தது. மோரில் உப்பிட்ட கை அதை அறிந்து இட்டதோ அறியாமல் இட்டதோ, நன்மையே செய்தது.

இப்போது ஐந்து மணிக்கு முன்பே இந்தச் சாலைகளில் மறுபடியும் காலடியோசை கேட்கிறது. காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், அதற்காகப் பையன்கள் இருட்டில் ஓடுகிறார்கள், பெண்பிள்ளைகளும் ஓடுகிறார்கள். ஓட்டத்துக்கு ஈடான ஆகாரமில்லாமல் ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்று எலும்பு நலியும் என்று சர்வதேச ஒலிம்பிக் சபையின் நிபுணர்கள் 2014இல் எச்சரித்தார்கள். இங்கே இரத்தச் சோகையும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஓடி முடித்தவர்கள் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, சிலர் கல்லூரிப் பேருந்துக்கும், சிலர் பட்டாசு ஆலையின் வேனுக்கும் சாலையோரத்தில் காத்து நிற்கிறார்கள். முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று ஒரு பையனிடம் கேட்டேன். அவன் கணக்குப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அதற்குள் வேன் வந்துவிட்டது.