வளையங்களும் பேட்டைகளும்

வலைத்தளங்களைத் தேடித் தருவதற்குத் திறமையான இயந்திரங்கள் ஏற்படாத நாட்களில், எங்கோ ஒரு மூலையில் ஒருவர் தம் மனம்போல அமைத்து வைத்த பக்கத்தை முன்பின் அறியாத இன்னொருவர் கண்டடைந்தார் என்றால், இடையில் ஒரு மூன்றாம் மனிதர் அதைப் படித்துப் பார்த்து, நன்றென்று கருதித் தம் ஜாபிதாவில் சேர்த்து வைத்ததே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ்-லீயே ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் அத்தகைய ஜாபிதா ஒன்றைப் பராமரித்து வந்தார். 1993இல் மொசைக் உலாவியை வெளியிட்ட இல்லினாய் பல்கலைக்கழகத்து நிலையத்தார், புதுவரவுகளை அறிவிப்பதற்கென்றே ஒரு பக்கம் நடத்தினார்கள். மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தொகுக்கத் தொடங்கிய ஜாபிதாதான் யாஹூவாக வளர்ந்தது. அதே 1994இன் தொடக்கத்தில் ஜஸ்டின் ஹால் என்னும் கல்லூரி மாணவர், தாம் கண்ட விசித்திரமான தளங்களுக்கு வழி சொல்லும்போதே தம் சொந்த வாழ்க்கையையும் கலந்து எழுதத் தலைப்பட்டார். வழிகாட்டுகிறவனின் சுபாவமும் ருசியும் தெரியாத ஜாபிதா எவ்வளவு வறண்டது என்பது, அவர் பக்கத்தையும் யாஹூவையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

பக்கம் எழுதுவோர் பல்லாயிரவராகப் பெருகியபோது ஜாபிதா மட்டும் போதவில்லை. 1994ஆம் ஆண்டின் இறுதியில் டேவிட் போனட்டும் ஜான் ரெஸ்னரும் கலிஃபோர்னியாவில் தொடங்கி, பின்னர் ஜியோசிட்டீஸ் என்று பெயர் மாற்றிய ஸ்தாபனம், கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக இடம் கொடுத்ததோடு நில்லாமல், அந்த இடத்தைப் பேட்டை பேட்டையாகப் பிரித்தும் வைத்தது. விஞ்ஞானக் கதைப் பிரியர்களுக்கு ‘ஏரியா 51’, சாஸ்திரீய சங்கீதக்காரர்களுக்கு ‘வியன்னா’, கல்வியிலும் தத்துவத்திலும் நாட்டமுள்ளவர்களுக்கு ‘ஏதென்ஸ்’, சிறுவர்களுக்கு ‘என்சான்டட் ஃபாரஸ்ட்’ என்றெல்லாம் பெயர்கள். பேட்டைப் பெயரின் பின்னே நான்கு இலக்கத்தில் ஒரு கதவெண் இருந்தபடியால், ஒரு பக்கத்தைப் படித்து முடித்தவர் முகவரியின் கடைசி இலக்கத்தை மாற்றி எழுதி அடுத்த வீட்டையும் எட்டிப் பார்க்கலாம். கண்ணைக் கூசவைக்கும் நிறங்கள், ‘வேலை நடக்கிறது’ என்று அறிவித்தபடி ஓயாமல் மண் அள்ளும் பொம்மை மனிதன், அடியில் வந்துபோனவர்களை எண்ணும் எண்பலகை ஆகிய இவற்றையெல்லாம் அழகு என்று நான் வாதாட வரவில்லை. இன்னார் வீடு என்று வாசலிலேயே தெரிந்துவிடும், அவ்வளவே.

இவை யாவற்றினும் நூதனமான உபாயம் வெப்ரிங் எனப்பட்ட வளையமே. ஒரே விஷயத்தில் ஈடுபாடுள்ள பலர் தத்தம் பக்கத்தின் அடியில் அடுத்தவரின் பக்கத்துக்கு ஒரு சுட்டி வைத்து, கடைசியானவர் முதலானவரைச் சுட்டினால், எங்கே புகுந்தாலும் சுற்றி வந்து புகுந்த இடத்தையே சேரலாம் என்பது 1994இல் டெனிஸ் ஹவ் ‘யூரோப்பா’ என்ற பெயரில் செய்து பார்த்த யோசனை. அதில் ஒரு பெருங்குறை இருந்தது. இடையில் ஒருவர் பக்கத்தை மூடிவிட்டால் வளையம் அங்கேயே அறுந்துபோகும். இக்குறையைத் தீர்த்துப் பிரபலமாக்கியவர் சேஜ் வைல் என்னும் அமெரிக்கப் பள்ளி மாணவர். 1995இல் அவர் தொடங்கிய வெப்ரிங்கில் உறுப்பினர் ஜாபிதா முழுவதும் ஒரே மையச் சர்வரில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டியிருந்த சுட்டிப் பட்டையில் ‘அடுத்தது’ என்பதை அழுத்தினால் அச்சுட்டி நேரே அண்டைவீட்டுக்குப் போகாமல், மையத்தை வினவி, செத்த பக்கங்களைத் தாண்டி, உயிரோடுள்ள பக்கத்துக்கு அழைத்துச் செல்லும். ‘முந்தையது’, ‘ஏதேனும் ஒன்று’, ‘முழுப் பட்டியல்’ என்ற சுட்டிகளும் அந்தப் பட்டையிலேயே இருந்தன. சேர விரும்பியவர் முதலில் அப்பட்டையைத் தம் பக்கத்தில் ஒட்டவேண்டும். வளையத்தை நடத்துபவர் வந்து பார்த்து, பக்கம் விஷயத்தோடு பொருந்துகிறதா, பட்டை சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே அனுமதிப்பார்.

இந்தச் சௌகரியத்துக்குள்ளேயே கேட்டின் வித்தும் இருந்தது என்பது என் அபிப்பிராயம். பூக்கள் ஆயிரம் தோட்டத்திலிருந்து வந்தாலும் நார் ஒருவர் கையில் இருந்தால், அவர் மாலையை விற்றுவிடலாம் அல்லவா? அப்படியே நடந்தது. 1997இல் வெப்ரிங் ஸ்டார்சீட் என்ற கம்பெனிக்குப் போயிற்று. 1998இல் அந்தக் கம்பெனியை ஜியோசிட்டீஸ் வாங்கிற்று. 1999இல் ஜியோசிட்டீஸையே யாஹூ வாங்கிற்று. அவ்வாண்டே, பக்கங்களில் உள்ளவற்றின்மீது ஸ்தாபனத்துக்கு விரிந்த உரிமை அளிப்பதுபோல் புதிய நிபந்தனைகள் வெளிவரவும், வீட்டுக்காரர்கள் பலர் தங்கள் பக்கங்களைச் சாம்பல் நிறமாக்கிக் கண்டனம் தெரிவித்தார்கள். யாஹூ நிபந்தனைகளைத் திருத்திக்கொண்டது. பேட்டை முகவரிகளோ பழங்கதையாயின. புதிதாக வந்தவர்களுக்குக் கதவெண் இல்லை, உறுப்பினர் பெயரே முகவரி ஆயிற்று. 2000 செப்டம்பரில் வெப்ரிங்கும் யாஹூவின் கணக்கு இருந்தால்தான் நடத்த முடியும் என்ற ரீதியில் அடியோடு மாற்றப்பட்டபோது, வருஷக்கணக்காகச் சம்பளமின்றி வளையங்களைக் காத்து வந்தவர்கள் மனம் கசந்து விலகினார்கள். மறு ஆண்டே யாஹூ அதைக் கைவிட்டது.

தனித்தளங்களின் கண்டறிதலைக் கெடுத்தது கூகிள்தான் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் பாதிதான் உண்மை. ஒரு பக்கத்தை எத்தனை பேர், எத்தகையவர் சுட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அதன் தரத்தை நிர்ணயிக்கும் அந்த இயந்திரம், 1998இல் கம்பெனியாக உருவெடுத்த காலத்தில், தன் கணக்குக்குத் தீனியாகக் கொண்டவற்றில் மேற்சொன்ன மனிதர்கள் கையால் இட்ட சுட்டிகளும் அடங்கும். அது செல்வாக்கு அடையுமுன்பே நார் கைமாறிவிட்டது.

2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது, ஜேசன் ஸ்காட் முதலியோர் அடங்கிய ஆர்க்கைவ் டீம் என்ற குழுவினர் எட்டியவரை பக்கங்களைப் படியெடுத்து, அடுத்த ஆண்டு எவரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். 2013இல் கைல் டிரேக் நியோசிட்டீஸ் என்ற பெயரில் இலவச இடம் தரும் பழக்கத்தைப் புதுப்பித்தார். அங்கும் வேறு பல இடங்களிலும் இப்பொழுது சிறு சிறு வளையங்கள் மீண்டும் தோன்றியிருக்கின்றன. அவற்றில் சில, உறுப்பினர் ஜாபிதாவை மையத்தில் பூட்டி வைக்காமல், வேண்டியவர் எவரும் படியெடுத்து வேறிடத்தில் நடத்திக்கொள்ளும்படி பகிரங்கமாகவே வைத்திருக்கின்றன.