வெயிலுக்குப் பஞ்சமில்லை: புதுக்கோட்டை இலைகளின் நீர்க்கணக்கு

ஒளிச்சேர்க்கைக்குப் பாடநூல் ஒரு நிகரச் சமன்பாடு தருகிறது. ஆறு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் ஆறு மூலக்கூறு நீரும் ஒளியின் துணையால் ஒரு மூலக்கூறு குளுக்கோஸ் ஆகின்றன. ஆறு மூலக்கூறு ஆக்சிஜன் வெளியேறுகிறது. வேதியியலில் இதற்குக் குறையில்லை. ஆனால் கந்தர்வகோட்டைப் பக்கத்து மானாவாரிக் கொல்லையில் நின்று பார்த்தால், இந்தச் சமன்பாடு நீரைச் சில்லறைச் செலவாகவும் வெயிலை முதலாகவும் காட்டி நம்மைத் திசைதிருப்புகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தாவரம் உணவு சமைப்பதை முடிவு செய்வது ஒளி அல்ல, நீர். அதிலும் இலை ஆண்டில் எத்தனை நாள் பச்சையாக நிற்கிறது என்பது. தைல மரம் (யூகலிப்டஸ்) கண்மாய் நீரைக் குடிக்கிறதா என்ற சர்ச்சையையும் இந்தக் கணக்கில் வைத்தே பேச வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் வெயில். சித்திரை நண்பகலில் செம்மண் பொட்டலில் விழும் ஒளியை ஒரு நெல்லிலையோ கடலை இலையோ முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. முழு வெயிலின் பாதியை எட்டும் முன்பே அத்தகைய தனி இலையின் ஒளிச்சேர்க்கை வேகம் பெரும்பாலும் உச்சத்தைத் தொட்டுவிடும். மிஞ்சிய ஒளியை வெப்பமாக மாற்றி வெளித்தள்ளுவதே பச்சையத்துக்கு ஒரு வேலையாகிவிடுகிறது.

நீரின் கதை வேறு. ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது என்பதை 1941-இல் ரூபனும் காமனும் கனமான ஆக்சிஜன் அணுவைத் தடமறிந்து காட்டினார்கள். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் பிளக்கப்படுகின்றன. ஆனால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர இலைத்துளை திறந்தாக வேண்டும். திறந்த துளை வழியே உள்ளீரம் ஆவியாகி ஓடும். நெல் போன்ற பயிர் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுக்க ஏறத்தாழ 400 மூலக்கூறு நீரை இழக்கிறது. பிளப்பது இரண்டு, இழப்பது 400. பாடநூல் சமன்பாட்டில் இந்த 400-க்கு இடமே இல்லை. ஆண்டு மழை 900 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்து, அதன் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பியிருக்கும் ஊரில் இது சின்ன விடுபடல் அல்ல. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளங்களை முன்னோர் வெட்டி வைத்ததும் இந்த 400-ஐ ஈடுகட்டத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இந்தச் செலவைக் குறைக்கத் தாவரங்கள் கண்ட வழிகளில் மூன்று இங்கே முக்கியம். முதலாவது கம்பு, சோளம், கேழ்வரகு, வரகின் வழி. கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி வெப்பம் ஏற ஏறத் தடுமாறி, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். நெல்லுக்கு இதனால் சேர்த்த கார்பனில் கணிசமான பங்கு வீணாகிறது. கம்பும் வரகும் கார்பனை முதலில் நான்கு கார்பன் அமிலமாகக் கட்டி, உள்ளறைக்கு அனுப்பி, அங்கே ரூபிஸ்கோவுக்கு ஊட்டுகின்றன. கரும்பிலையில் இவ்வழியை ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966-இல் விளக்கினார்கள். துளையைக் குறைவாகத் திறந்தாலே போதுமென்பதால் 400 ஏறத்தாழ 150 ஆகிறது.

இரண்டாவது வழியை வேலியோரத்துச் சதுரக்கள்ளியிலும் பிரண்டையிலும் காணலாம். இவை பகலில் துளையை மூடி, இரவில் திறந்து, கார்பனை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் சமைக்கின்றன. இழப்பு 50 அளவுக்கு இறங்குகிறது. இந்த நடப்பின் தொடக்கச் சான்றுகளில் ஒன்று தமிழ் மண்ணோடு தொடர்புள்ளவரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. மொரேவியச் சபை ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பு. 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அவர் கடிதம் அச்சானது. நாக்கே அவருக்குக் கருவி.

மூன்றாவது வழி வேதியியல் சார்ந்ததல்ல, காலம் சார்ந்தது. ஆலங்குடிக்கு அருகே வம்பனில் இயங்கும் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட உளுந்து ரகங்கள் எழுபது நாளை ஒட்டி முதிர்கின்றன. உளுந்தின் இலை நெல்லிலையைப் போலவே ஊதாரிதான். ஆனால் அது சீக்கிரம் கடையைக் கட்டிவிடுகிறது. ஒரு நிலத்தின் நீர்ச்செலவு ஒரு கிலோ விளைச்சலுக்கு எவ்வளவு என்பதோடு முடிவதில்லை. எத்தனை நாள், எவ்வளவு இலை என்பதையும் பெருக்க வேண்டும்.

தைல மரத்துக்கு வாதாடுவோர் தவறுவது இந்தப் பெருக்கலில்தான். மாவட்டம் உருவான 1974-லேயே தமிழ்நாடு வனத் தோட்டக் கழகமும் பிறந்தது. அந்தக் கழகம் வளர்க்கும் காகிதக்கூழுக்கான தைல மரம் இங்கே பரந்த நிலத்தில் நிற்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு அது தரும் மரத்தின் எடை அதிகம் என்பது அவர்கள் வாதம், அது பொய்யல்ல. ஆனால் சிக்கனமான வண்டி இரவு பகலாக ஓடினால் எண்ணெய் மிஞ்சுமா?

எதிர்த்தரப்பிலும் ஒரு மிகை உண்டு. தைல மரம் ஏதோ தனிப்பிறவி அரக்கன் என்பது பேச்சுவழக்கு. கர்நாடகத்தில் இயன் கால்டர் குழுவினர் நடத்திய அளவீடுகள் அதை முழுதாக ஆதரிக்கவில்லை. வறண்ட பகுதியில் தைலத் தோப்பின் நீர்ச்செலவு அங்குள்ள இயற்கை இலையுதிர் காட்டை ஒத்தே இருந்தது. ஆனால் கேழ்வரகு வயலின் செலவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த இரு மடங்கை மரத்தின் கெட்ட குணமாகக் கருத வேண்டியதில்லை. ஆழ வேரும் ஆண்டு முழுதும் உதிராத இலையுமே அதற்குப் போதுமான விளக்கம். ஆகவே கண்மாய் நிரம்பவில்லை என்று புதுக்கோட்டை விவசாயி முறையிடும்போது, மரத்தின் மேல் சொல்லும் காரணம் சற்றே பிசகியிருக்கலாம். முறையீட்டின் அடிப்படை சரி. தோப்புக்குள் மழைநீரைத் தேக்க எழுப்பும் வரப்புகள் வரத்துவாரிக்குப் போகும் ஓட்டத்தையும் மறிக்கின்றன என்பது விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. கண்மாய்க்குரிய நீரில் இலை ஒரு பங்கும் வரப்பு ஒரு பங்கும் எடுத்தால் மடைக்கு என்ன மிஞ்சும்?

கோயில் காடும் பசுமை மாறாததுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அய்யனார் கோயில்களின் மண்குதிரைகளைச் சுற்றி நிற்கும் காசா, வீரை, உலக்கைப்பாலையும் துளை திறந்து நீரை இழப்பவையே. ஆனால் அவை நிற்பது துண்டு துண்டான சிறு பரப்பில். அவற்றின் தடித்த இலைகள் மெதுவாகச் சமைப்பவை. சமைத்ததில் உதிர்வது அதே மண்ணில் மக்குகிறது. தைலத் தோப்பிலோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தண்டு லாரியேறி ஆலைக்குப் போகிறது. ஆக, கோயில் காட்டைக் காட்டித் தைலத் தோப்புக்கு நியாயம் கற்பிக்க முடியாது. தைலத்தைக் காட்டி மரமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. நீர்ப்பிடிப்பில் எவ்வளவு பரப்பில், ஆண்டில் எத்தனை நாள் இலை நிற்கலாம் என்பதைக் கண்மாய்தோறும் கணக்கிட வேண்டும். மாசியில் அறுவடை முடிந்த வயலில் இழக்க ஓர் இலைகூட இல்லை. வரப்புக்கு அப்பால் தைலத் தோப்பில் அன்றைக்கும் காலையில் துளைகள் திறக்கின்றன.