வில் செய்யக் கற்பித்த நூல் எது?



இராமனின் கோதண்டம், அருச்சுனனின் காண்டீபம், சேரனின் விற்கொடி என வில்லைப் பற்றிப் பேசாத தமிழாசிரியர் இருக்க முடியாது. எடுத்தான், வளைத்தான், நாணேற்றினான் என்று சொல்லிக்கொண்டே போகிறோம். அந்த வில்லைச் செய்தவன் யார், எந்த மரத்தில் செய்தான், அக்கலையை எப்படிக் கற்றான் என்று மாணாக்கர் கேட்டால் நம் கையில் விடை அதிகம் இல்லை. அதனால்தான் பள்ளி விடுமுறையில் மரவில் செய்யும் முறையைக் கற்பிக்கும் நூல்களைத் தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னை இங்கிலாந்துக்கும் கலிபோர்னியாவுக்கும் இட்டுச் சென்றது.

வில்லுக்குப் பேர்பெற்ற நாடு இங்கிலாந்து. அங்கே ஆங்கிலத்தில் வில்லைப் பற்றி அச்சேறிய முதல் நூல் 'டாக்சோபிலஸ்'. எழுதியவர் ரோஜர் ஆஸ்கம், ஆண்டு 1545. பின்னாளில் எலிசபெத் அரசியாருக்கு இளமையில் ஆசானாக இருந்தவர் இவர். பிள்ளைகளை அடித்துப் படிக்க வைக்கக் கூடாது என்று தனி நூலே எழுதியவர் என்பதால், ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அவர்மீது தனிப் பற்று உண்டு.

இருவர் உரையாடுவது போல் அமைந்த அந்நூலில் நல்ல வில்லைத் தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. பேணும் முறை உண்டு. நிற்கும் நிலையும் நாணை இழுக்கும் பாங்கும் உண்டு. யூ மரமே வில்லுக்குச் சிறந்தது, எல்ம், ஆஷ் போன்றவை தரத்தில் தாழ்ந்தவை என்ற தீர்ப்பும் உண்டு. ஆயினும் உளியை எங்கே வைப்பது, எவ்வளவு சீவுவது என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது. அவ்வறிவு வில் செய்வோரின் சங்கத்திற்குள் இருந்தது. சிறுவன் ஒருவன் பட்டறையில் தொழில் பழகச் சேர்வான். ஆண்டுக் கணக்கில் ஆசானின் கையைப் பார்த்துக் கற்பான். எழுதி வைக்கும் தேவை யாருக்கும் எழவில்லை. துப்பாக்கி வந்தது, போரில் வில் வழக்கொழிந்தது, சொல்லாமல் வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி பட்டறைகளோடு போயிற்று.

அதே 1545ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள், எட்டாம் என்றி மன்னரின் 'மேரி ரோஸ்' போர்க்கப்பல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. ஒரே ஆண்டில் ஒரு நூல் அச்சேறியது. ஒரு கப்பல் நிறைய விற்கள் கடலடிச் சேற்றில் புதைந்தன. கப்பலின் உடற்பகுதி 1982இல் வெளியே எடுக்கப்பட்டது. அகழ்வில் கிடைத்த விற்கள் 172. அவற்றுள் 137 முழுமையானவை. பெரும்பாலானவை 2 மீட்டரை ஒட்டிய நீளம். அவற்றை இழுக்க 100 இராத்தலுக்கும் மேற்பட்ட விசை வேண்டும் என்று கணித்தார்கள். இன்றைய விளையாட்டு வில்லாளர் பலருக்கு அதில் பாதியே போதும். நூல் சொல்லாததைக் கப்பல் சொல்லியது என்பேன்.

யூ மரத்தின் சிறப்பைச் சற்று விளக்க வேண்டும். வளையும்போது வில்லின் வெளிப்புறம், அதாவது முதுகு, நீள்கிறது. வீரனை நோக்கிய வயிற்றுப்புறம் நெருக்குண்கிறது. யூ மரத்தின் வெளிப்பகுதியான வெளிறு இழுவிசையைத் தாங்கும்; உள்ளே சிவந்த வைரம் நெருக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மரத்தைப் பிளந்தால் இயற்கையே இரு பொருள்களை ஒட்டித் தந்தது போலாகும். நம் தொல்காப்பியர் புறத்தே காழ் உடையதைப் புல் என்றும், அகத்தே காழ் உடையதை மரம் என்றும் பிரித்தார் அல்லவா? மூங்கில் புல்லினம். ஆகவேதான் மூங்கில் வில் செய்வோர் அதன் வெளித்தோலைச் சீவாமல் முதுகாக வைத்துக்கொள்கிறார்கள். மரபியல் பாடத்தை நடத்தும்போது இனி இதைச் சொல்லலாம்.

இனிக் கலிபோர்னியா. 1911 ஆகத்து மாதம் ஓரோவில் என்னும் ஊரருகே பசியால் மெலிந்த ஒருவர் வெளிப்பட்டார். வெள்ளையர் குடியேற்றத்தின்போது கொன்றழிக்கப்பட்ட யாகி இனத்தின் கடைசி மனிதர். தம் பெயரை அவர் சொல்லவேயில்லை. அவர் மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்று அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே அவர் தங்கினார். அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் சேக்ஸ்டன் போப் அவருக்கு நண்பரானார், பின் மாணவரானார்.

போப் எழுதி வைத்த குறிப்புகள் வியப்பூட்டுபவை. இஷி அளவுகோல் பயன்படுத்துவதில்லை. நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புற இடுப்பு வரை உள்ள தொலைவே வில்லின் நீளம். சூனிப்பர் மரத்தில் செய்து, முதுகில் மான் தசைநாரை ஒட்டுவார். பசை, சால்மன் மீன்தோலைக் காய்ச்சி எடுத்தது. வில்லை நிமிர்த்திச் சாய்த்து வைக்கக் கூடாது, படுக்கவைக்க வேண்டும். நிற்கும் வில் உழைத்துக்கொண்டே இருக்கும், வியர்த்துத் தளர்ந்துவிடும் என்பது அவர் கொள்கை.

1916 மார்ச்சில் இஷி காசநோயால் இறந்தார். 1918இல் போப் யாகி வில்வித்தை பற்றிய ஆய்வை வெளியிட்டார். 1923இல் 'வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுதல்' என்ற நூலை எழுதினார். அதில் இஷியின் முறையும் உண்டு. யூ மரத்தில் ஆங்கில வில் செய்யும் முறையும் படிப்படியாக உண்டு. அமெரிக்காவில் மரவில் கலை மீண்டும் தழைக்க இந்நூல் பெருந்துணை செய்தது. சில ஆண்டுப் பழக்கமும் ஒரு குறிப்பேடும் இல்லையென்றால் யாகி வில் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரத்துண்டு மட்டுமே. அந்த மக்களை அழித்த சமூகமே அவர்களின் கலையை ஏட்டில் காத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சி முழுமையாக வருவதில்லை.

இன்று கற்க விரும்புவோர்க்குச் சிறந்தது, 1992 முதல் வெளிவந்த 'மரபு வில் செய்வோர் திருமறை' என்னும் பொருள்தரும் தொகுதிகள். மூன்று தொகுதிகள் 1994க்குள் வந்தன; நான்காவது 2008இல். பலர் சேர்ந்து எழுதியது. மரத்துக்கு ஏற்ப அகலத்தை மாற்றினால் எல்ம், ஆஷ் போன்ற எளிய மரங்களும் நல்ல வில்லாகும் என்பதை இவர்கள் செய்து காட்டினார்கள். ஆஸ்கமின் தீர்ப்பு இங்கே ஆட்டம் காண்கிறது. டென்மார்க்கில் ஓல்மகார்ட் சதுப்பில் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையான விற்கள் எல்ம் மரத்தாலானவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நூல்களைவிட எனக்குப் பிடித்த 'பாடம்' ஒன்று உண்டு. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓட்சி என்னும் மனிதரின் வில். யூ மரம், ஏறத்தாழ 1.8 மீட்டர். அவர் அதை முடிக்கவில்லை. முடித்திருந்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார். நமக்கு ஒன்றும் தெரிந்திராது. முடிக்காமல் போனதால் வெட்டிய ஒவ்வொரு தடமும் அதன் மேல் அப்படியே இருக்கிறது.