இனிப்புநீரும் இன்சுலினும்: ஒரு சுரப்பியின் வரலாறு



ஒரே நோய்க்குத் தமிழர்கள் எத்தனை பெயர் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் அது சர்க்கரை வியாதி. யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தம். பாடநூல்களில் நீரிழிவு. பழைய மருத்துவ நூல்களில் மதுமேகம். நம் மலேசியாவில் இனிப்புநீர். மலாய்க்காரர்கள் 'கெஞ்சிங் மானிஸ்' என்று சொல்வதையே நாம் தமிழாக்கிக் கொண்டோம் என்று தோன்றுகிறது. இப்பெயர்கள் யாவும் சர்க்கரையைச் சுட்டுகின்றன, அல்லது சிறுநீரைச் சுட்டுகின்றன. நோய் பிறக்கும் இடத்தைச் சுட்டும் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்த இடம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஒரு சாண் நீளம்கூட இல்லாத கணையம்.

பெயர் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். 'இனிப்புநீர்' என்ற பெயர் நம் மக்கள் மனத்தில் ஒரு முடிவை விதைத்துவிட்டது. இனிப்பைத் தின்றதால் வந்த நோய், இனிப்பை விட்டால் போய்விடும் என்பதே அம்முடிவு. அதன் தொடர்ச்சியாக இன்னோர் எண்ணமும் வேரூன்றியிருக்கிறது. மாத்திரை வரைக்கும் பரவாயில்லை, 'ஊசிக்குப் போய்விட்டால்' ஆள் முடிந்தான் என்பது அது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் இந்த வாசகத்தைக் கேட்காத வீடு குறைவு. இன்சுலின் வந்த வரலாற்றை அறிந்தவர் எவரும் அப்படிப் பேச மாட்டார். அவ்வரலாற்றைத்தான் இங்கே எழுத முனைகிறேன்.

சிறுநீர் இனிப்பதை இந்திய மருத்துவர்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். மதுமேகம் என்ற சொல்லே அதற்குச் சான்று. ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் அதைச் சுவைத்துப் பார்த்தே எழுதினார். (வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.) அந்த இனிப்பு சர்க்கரையே என்று மத்தேயு டாப்சன் 1776இல் காட்டினார். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது, ஏன் வெளியேறுகிறது என்பதற்கு அடுத்த நூறாண்டுக்கு மேல் விடை இல்லை.

விடைக்கு முதலில் வேறொன்று புரிய வேண்டியிருந்தது. உடலில் சுரப்பிகள் இருவகை. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தாம் சுரப்பதை ஒரு குழாய் வழியே உரிய இடத்தில் கொண்டுவிடும். மற்றொரு வகைக்குக் குழாயே இல்லை. நாளமில்லாச் சுரப்பிகள் எனப்படும் அவை நேரே இரத்தத்தில் சுரக்கின்றன. கழுத்திலுள்ள தைராய்டு, சிறுநீரகத்தின்மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல், மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி ஆகியவை இவ்வகை. இரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அவற்றின் செய்தியும் போகும். அச்செய்தியை வாங்கும் அமைப்புள்ள உயிரணு மட்டும் அதற்குக் கீழ்ப்படியும்.

கணையம் இந்த இருவகையிலும் சேர்ந்தது. அங்கேதான் குழப்பமும் தொடங்கியது. அது செரிமான நீரைச் சுரந்து குழாய் வழியே குடலில் விடுகிறது; அதுவே அதன் ஒரே வேலை என்று நினைத்தார்கள். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது ஜெர்மானிய மருத்துவ மாணவர், கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, மற்ற அணுக்களிலிருந்து வேறுபட்ட சிறு சிறு அணுக்கூட்டங்களைக் கண்டார். அவை எதற்கு என்பது தமக்குத் தெரியவில்லை என்று நேர்மையாகவே எழுதினார். ஆற்று நடுவே மணல் திட்டுகள் போல் கிடந்த அவற்றுக்கு இன்று அவர் பெயரே: லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்.

அடுத்த அடி 1889இல். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசப் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுதாக அகற்றினர். நாய்க்குக் கடும் நீரிழிவு வந்தது. ஆக, நோயின் வேர் கணையத்தில் என்பது உறுதியாயிற்று. கணையம் அப்படி எதைத்தான் உடலுக்குத் தருகிறது?

இவ்விடத்தில் இலண்டனுக்குப் போக வேண்டும். 1902இல் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவர், நாயின் குடலில் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அக்குடலில் அமிலத்தை விட்டுப் பார்த்தனர். நரம்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது! அப்படியானால் குடலிலிருந்து கணையத்துக்குத் தகவல் போனது நரம்பு வழியாக அன்று, இரத்தத்தில் கரைந்த ஒரு வேதிப்பொருள் வழியாக. அதற்குச் செக்ரிட்டின் என்று பெயரிட்டனர். இத்தகைய பொருள்கள் அனைத்துக்கும் பொதுவாக 'ஹார்மோன்' என்ற பெயரை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார். 'தூண்டுகிறேன், இயங்கச் செய்கிறேன்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. 'இயக்குநீர்' என்று தமிழில் ஆக்கியவர் மூலப் பொருளை நன்கு உணர்ந்தே ஆக்கியிருக்கிறார். இன்சுலின் என்ற பெயரும் அது கைக்குக் கிடைப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. தீவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 1909இல் உருவானது. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் சூட்டிய கதைதான்.

அந்தக் காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகளின் நிலையை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. மருந்து கிடையாது. நியூயார்க்கில் பிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் வகுத்த முறை ஒன்றே பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. அதாவது பட்டினி. உயிரைப் பிடித்து வைக்கும் அளவுக்கு மட்டும் உணவு. குழந்தைகள் எலும்பும் தோலுமாகிச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கூடுதலாக வாழ்ந்தனர். இனிப்பைத் தொடாமலேதான் வாழ்ந்தனர், ஆனாலும் இறந்தனர். 'இனிப்பை விட்டால் போதும்' என்று சொல்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1920 அக்டோபர் இறுதியில், கனடாவில் தொழில் சரியாக நடவாத இளம் அறுவை மருத்துவர் பிரெடரிக் பாண்டிங், கணையம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் ஒரு குறிப்பு எழுதினார். 1921 கோடையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியோட் ஆய்வுக்கூடம் தர, சார்ல்ஸ் பெஸ்ட் என்ற 22 வயது இளைஞர் துணைநிற்க, நாய்களைக் கொண்டு வேலை தொடங்கியது. ஆண்டு இறுதியில் உயிர்வேதியியலர் ஜேம்ஸ் காலிப் வந்து சேர்ந்தார்.

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பயன் மிகக் குறைவு. ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டது. மருந்து தூய்மையாக இல்லை. காலிப் இரவுபகலாக உழைத்து அதைத் தூய்மையாக்கினார். ஜனவரி 23இல் மீண்டும் ஊசி. இம்முறை இரத்தச் சர்க்கரை இறங்கியது. சாவின் வாசலில் கிடந்த அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பாண்டிங்கும் மக்லியோடும் 1923இல் நோபல் பரிசு பெற்றனர். பாண்டிங் தம் பங்கைப் பெஸ்டுடனும், மக்லியோட் தம் பங்கைக் காலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். காப்புரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகியோர் தலா 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டனர். இன்றைய மருந்து விலைகளைப் பார்ப்போருக்கு இது புராணக் கதை போலத் தெரியும்.

ஆக, இன்சுலின் ஊசி உலகுக்கு அறிமுகமானது சாவின் அறிவிப்பாக அன்று. சாகக் கிடந்த பிள்ளையை எழுப்பிய மருந்தாக. நம்மிடம் வந்தபோது அது எப்படித் தலைகீழானது?

அதற்கு முன், நம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி. ஊசி மருந்து மாட்டிலிருந்து வருகிறதா, பன்றியிலிருந்து வருகிறதா? பல சமயத்தார் கூடி வாழும் நம் நாட்டில் இது நியாயமான கேள்வியே. தொடக்கத்தில் அறுத்த மாடுகளின், பன்றிகளின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. அதன் புரத அடுக்கை 1950களில் பிரெடரிக் சேங்கர் கண்டறிந்தார். அதன் முப்பரிமாண வடிவத்தை 1969இல் டோரத்தி ஹாட்கினின் குழு வெளியிட்டது, அக்குழுவில் எம். விஜயன் என்ற இந்திய அறிவியலரும் இருந்தார். 1978இல் மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டே உண்டாக்கும் வழி பிறந்தது. 1982இல் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. இன்று வழக்கிலுள்ள இன்சுலின் பெரும்பாலும் இத்தகையதே. ஐயம் இருப்பின் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத் தெளியலாம். கேளாமலே ஊசியை நிறுத்துவதுதான் ஆபத்து.

இனி நம் கதை. மலேசியாவில் 1986இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 35 வயதுக்கு மேற்பட்டோரில் 6.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 1996இல், 30 வயதுக்கு மேற்பட்டோரில் 8.3. 2006இல் அதே வயதினரில் 14.9. 2019இல், 18 வயது முதல் எல்லாரையும் எடுத்துக்கொண்டபோது 18.3. 2023இல் இது 15.6 ஆகக் குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் 2019ஆம் ஆண்டுக் கணக்கை இன வாரியாகப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும். இந்தியர்களில் ஏறத்தாழ 31 விழுக்காடு! மூன்று பெரியவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு இரண்டு காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, உடல்வாகு. தெற்காசியர்களுக்குப் பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. அக்கொழுப்பு, உயிரணுக்கள் இன்சுலினின் சொல்லைக் கேளாதபடி செய்கிறது. திறவுகோல் இருந்தும் பூட்டு துருப்பிடித்த நிலை. கணையம் மேலும் மேலும் சுரந்து சுரந்து இறுதியில் களைத்துப் போகிறது. மற்றது, வாழ்க்கை மாற்றம். நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து பால்மரக்காட்டில் நடையாய் நடந்தவர்கள். அவர்கள் குடித்த காப்பியிலும் கெட்டிப் பால் இருந்தது. ஆனால் அதை எரிக்க உழைப்பும் இருந்தது. பிறகு தோட்டங்கள் நகரங்களாயின. ஷா ஆலமும் புத்ராஜெயாவும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள்தாம். வெளியேறிய மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்தனர். உழைப்பு மாறியது, நடை குறைந்தது. தட்டில் சோறு குறையவில்லை. தே தாரிக்கும் கூடச் சேர்ந்துகொண்டது.

இப்போது ஊசியின் மேல் உள்ள அச்சத்துக்கு வருவோம். 1998இல் முடிவு வெளியான பிரித்தானியாவின் நீண்டகால ஆய்வு ஒன்று, நோய் கண்டறியப்படும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும், அதன்பின் ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வரும் என்று காட்டியது. ஆகவே பல்லாண்டு கழித்து ஒருவருக்கு ஊசி தேவைப்படுவது அவர் செய்த குற்றத்துக்குத் தண்டனை அன்று. அது நோயின் இயல்பு. நம்மவர் என்ன செய்கிறார்கள்? மருத்துவர் சொல்லியும் மூன்றாண்டு, ஐந்தாண்டு தள்ளிப் போடுகிறார்கள். அதற்குள் சிறுநீரகமும் கண்ணும் கால் நரம்பும் கெட்டுவிடுகின்றன. பிறகு வேறு வழியின்றி ஊசிக்கு ஒப்புக்கொள்கிறார்கள். சில மாதங்களில் கால் எடுக்கப்படுகிறது. அக்கம்பக்கத்தார் பார்த்தது என்ன? 'ஊசி போட்டார், கால் போயிற்று.' தாமதத்தின் பழி மருந்தின் தலையில் விழுந்தது. நம் நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலோ 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம்.

தமிழாசிரியர்களுக்கும் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு முதல் வகை நீரிழிவு இருந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே திட்டுகளிலுள்ள இன்சுலின் அணுக்களை அழித்துவிடும் வகை அது. இனிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓய்வு நேரத்தில் அவன் அம்மா வந்து ஊசி போடுவார். மற்றப் பெற்றோர் சிலர் அவரிடமே, "சின்ன வயசுலயே இவ்வளவு இனிப்பு கொடுத்திருக்கீங்களேம்மா?" என்று கேட்டார்கள். அந்தத் தாய் பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து பள்ளி வாசலுக்கு வெளியே, காரில் வைத்தே ஊசி போட்டார்.

இத்தகைய மாணவன் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். உடற்கல்வி நேரத்திலோ சாப்பாடு தாமதமான நாளிலோ அவனுக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால், அது சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டதன் அறிகுறி. ஊசி போடக் கூடாது. அவனைத் தனியே விட்டுவிடவும் கூடாது. விழுங்கும் நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த நீரோ இனிப்புப் பானமோ கொடுத்து உட்கார வையுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். ஆசிரியர் மேசை இழுப்பறையில் ஒரு சிறு பொட்டலம் சீனி இருந்தால் போதும்.